குள்ள விரால் வளர்ப்பு: கோலாலம்பூர் வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

ஒரு சாணைத் தாண்டாத விரால் இனங்களைப் பற்றிய பக்கம் இது. முக்கியமாகப் பேசப்படுவது தீபகற்ப மலேசியாவின் மலையோர ஓடைகளில் வாழும் சன்னா லிம்பாட்டா. கடைகளில் 'டுவார்ஃப் சன்னா' என்று எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் இதையோ இதன் நெருங்கிய உறவுகளையோதான். இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் கோலாலம்பூர், சிலாங்கூர் வீடுகளின் வெப்பத்தையும் குழாய்த் தண்ணீரையும் கணக்கில் கொண்டவை.

ஹாருவான் குட்டியும் இதுவும் ஒன்றா?

இல்லை. பாசாரில் உயிரோடு விற்கும் ஹாருவான் சன்னா ஸ்ட்ரியாட்டா. அரை மீட்டரைத் தாண்டி வளரும். குள்ள விரால் எவ்வளவு ஊட்டினாலும் 15 முதல் 20 செ.மீ.யோடு நின்றுவிடும். முதுகுத் துடுப்பின் விளிம்பில் ஆரஞ்சு அல்லது வெளிர் கோடு ஓடுகிறதா, மார்புத் துடுப்பை விசிறிபோல விரிக்கும்போது அதில் அரைவட்ட வரிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் குள்ள விரால் வகை. ஹாருவானுக்கு வயிறு வெளுத்திருக்கும், பக்கங்களில் சாய்ந்த பட்டைகள் இருக்கும், துடுப்பில் இந்த வண்ண விளிம்பு இருக்காது.

உண்மையில் ஏமாற்றுவது தோமான் என்ற பெரிய விராலின் குஞ்சுதான். விரல் நீளத்தில் அது அழகோ அழகு: உடலின் நீளத்துக்கு இரண்டு கறுப்புக் கோடுகள், நடுவே செம்மை. வாங்கிய பலருக்கு அது ஒரு மீட்டரைத் தாண்டும் மீன் என்பது பிறகுதான் தெரியவருகிறது. இரட்டைக் கறுப்புக் கோடு கண்டால் வாங்காதீர்கள். கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் சரி.

சிலர் 'கச்சுவா' என்கிறார்கள், சிலர் 'லிம்பாட்டா' என்கிறார்கள். எது சரி?

1822-ல் ஹாமில்டன் கங்கைச் சமவெளி மீன்களை விவரித்தபோது கச்சுவா என்று பெயரிட்டார். 1831-ல் குவியே லிம்பாட்டா என்ற பெயரைத் தந்தார். நெடுங்காலம் இரண்டையும் ஒன்றாக வைத்து, இந்தியா முதல் நம் ஊர் வரை எல்லாவற்றையும் கச்சுவா என்றே எழுதினார்கள். இப்போது தென்கிழக்கு ஆசிய மீன்களை லிம்பாட்டா என்று பிரித்துச் சொல்வதே வழக்கம். வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். இலங்கையின் சன்னா ஓரியன்டாலிஸும் இதே சாயல். அதற்கு வயிற்றுத் துடுப்பே கிடையாது என்பதால் அடையாளம் காண்பது எளிது.

காற்றைச் சுவாசிக்கும் மீன்தானே, ஃபில்டர் எதற்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்ற பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வந்துவிடும்.

விராலின் தலைக்குள், செவுளுக்கு மேலே, இரு பக்கமும் மடிப்பு மடிப்பாக ஒரு காற்றறை இருக்கிறது. மீன் மேலே வந்து வாயால் காற்றை எடுத்து அந்த அறையை நிரப்பிக்கொண்டு கீழே போகும். பழைய காற்று குமிழிகளாக வெளியேறுவதை நீங்களே பார்க்கலாம். தேவையான ஆக்சிஜனில் பெரும்பங்கு இப்படித்தான் கிடைக்கிறது. ஆனால் கழிவு வேறு வழி: கார்பன் டை ஆக்சைடும் அமோனியாவும் செவுள் வழியாகத் தண்ணீருக்குள்தான் போகின்றன. தண்ணீரில் அமோனியா ஏற்கெனவே கூடியிருந்தால் உள்ளே இருப்பது வெளியேற முடியாது, செவுளும் புண்ணாகும். ஆகவே ஃபில்டர் இந்த மீனுக்கு ஆக்சிஜன் தருவதற்கு இல்லை, அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு வீடாக இருப்பதற்கு.

இதிலிருந்து மூன்று விஷயங்கள். ஒன்று, புதுத் தொட்டியில் நேரே மீனை விடக்கூடாது. ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, சிறிது தீனியைப் போட்டு அழுகவிட்டு, டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை பொறுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வேறு தொட்டியின் பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் நாட்கள் பாதியாகக் குறையும். இரண்டு, மேற்பரப்பை எட்ட முடியாத விரால் தண்ணீரிலேயே மூச்சடைத்துச் சாகும். கியாம்பாங் (மிதக்கும் நீர்ச்செடி) மேலே முழுவதும் மூடிக்கொண்டால், அல்லது மீன் ஏதேனும் வலையில், மர இடுக்கில் மாட்டிக்கொண்டால் இதுதான் நடக்கும். மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது திறந்திருக்கட்டும். மூன்று, சாக்கடை நாற்றத் தண்ணீரிலும் இது உயிரோடு இருக்கிறது என்பதை வைத்து, 'எதையும் தாங்கும் மீன்' என்று முடிவுகட்ட வேண்டாம். சாகாமல் இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

ஒரு மீனுக்கு 60 செ.மீ. நீளத் தொட்டி போதும். ஜோடிக்கு 90 × 45 × 45 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரை 30 செ.மீ. உயரத்தோடு நிறுத்தினால் ஏறத்தாழ 120 லிட்டர். உயரத்தைவிடத் தரைப்பரப்பு முக்கியம், ஏனென்றால் இது நாள் முழுக்க அடியில் கிடக்கும் மீன். மீனுக்கு ஒன்று என்ற கணக்குக்கு மேல் ஒரு மறைவிடம் கூடுதலாக இருக்கட்டும்: இரண்டரை அங்குல பிவிசி பைப்புத் துண்டு, கவிழ்த்த மண்சட்டி, மரவேர், எது வேண்டுமானாலும். பைப்பின் இரு முனையும் திறந்திருக்க வேண்டும்; ஒரு முனை சுவரில் முட்டினால் துரத்தப்படும் மீன் உள்ளே சிக்கி அடி வாங்கும்.

மணல் நுண்ணியதாக இருக்கட்டும். கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை 40 லிட்டருக்கு ஒன்று என்று போடலாம். தண்ணீர் தேயிலை நிறமாகும், மீன் அச்சம் தெளிந்து நிறம் காட்டும். சாலையோர மரத்தடியில் பொறுக்குவதானால் பச்சை இலை வேண்டாம், தானாக உதிர்ந்து பழுப்பானது மட்டும்; கழுவி, வெயிலில் காயவைத்துப் போடுங்கள். பிஎச் 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் போதும், அதை ஒரே எண்ணில் பிடித்து நிறுத்தப் பொடிகள் வாங்காதீர்கள்.

தொட்டிக்கு இறுக்கமான மூடி ஏன் வேண்டும்?

விரால் நோயில் சாவதைவிடத் தரையில் விழுந்து சாவது அதிகம். இயற்கையில் மழைநாளில் ஈரத் தரையைக் கடந்து அடுத்த குட்டைக்குப் போகும் பழக்கம் உள்ள மீன் இது. தொட்டியிலும் மழை இரவுகளில், தண்ணீர் மாற்றிய அன்று, புதுத் துணையிடம் அடி வாங்கும்போது குதிக்கும். தலை நுழையும் சந்து எதுவோ அதில் உடலும் நுழையும். ஏர் பம்ப் குழாய் போகும் மூலையை ஸ்பாஞ்ச் துண்டால் அடைத்துவிடுங்கள். மூடி லேசாக இருந்தால் மேலே கனம் வையுங்கள்; 15 செ.மீ. விரால் மெல்லிய அக்ரிலிக் தகட்டை முட்டித் தூக்கிவிடும்.

நம் ஊரில் இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. அடுக்குமாடி வீட்டு அறையில் தண்ணீர் 30, 31 டிகிரிக்குப் போகும். மலையோடை மீனுக்கு 24 முதல் 27 வரை நல்லது. வெப்பம் கூடினால் செரிமானம் முடுக்கப்படும், சண்டை கூடும், பாக்டீரியாப் புண்கள் எளிதில் வரும். குளிர்விக்க மலிவான வழி, தண்ணீர்மேல் காற்று வீசும் சிறு ஃபேன். ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஃபேன் வேலை செய்யத் தொட்டி திறந்திருக்க வேண்டும், மீன் வெளியே வராமலிருக்கத் தொட்டி மூடியிருக்க வேண்டும். தீர்வு வலைமூடி: மரச் சட்டம் அல்லது அலுமினியச் சட்டத்தில் பிளாஸ்டிக் பூசிய 5 மி.மீ. கண் வலையை இழுத்துக் கட்டி, தொட்டியின் பாதிக்கு அதையும் மறுபாதிக்குக் கண்ணாடியையும் வையுங்கள். ஃபேன் வலைப் பக்கம். வெறும் கம்பி வலை துருப்பிடிக்கும், குதிக்கும் மீனின் மூக்கையும் கிழிக்கும். கூரை விளக்குக்குப் போடும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தகட்டின் கண்கள் பெரிய மீனுக்குப் பொருந்தும். சிறு மீன் அதில் பாதி நுழைந்து மாட்டிக்கொள்ளும். தினமும் குறையும் தண்ணீரை குளோரின் நீக்கிய தண்ணீரால் நிரப்புங்கள்.

டெங்கி புகை அடிக்க வருகிறார்கள். என்ன செய்வது?

கொசுப்புகையில் இருக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மனிதருக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத அளவிலேயே மீனைக் கொல்லும். விராலுக்கு ஆபத்து இரு மடங்கு: தண்ணீரில் கலப்பது ஒரு பக்கம், மேலே படியும் எண்ணெய்ப் படலத்தின் வழியாக மூச்செடுப்பது இன்னொரு பக்கம்.

அறிவிப்பு வந்தவுடன் ஜன்னல்களைச் சாத்துங்கள். ஏர் பம்பை நிறுத்துங்கள். அது அறைக் காற்றை நேரே தண்ணீருக்குள் தள்ளும் கருவி. தொட்டியை மேலிருந்து அடிவரை பெரிய பிளாஸ்டிக் விரிப்பால் போர்த்தி, கீழே டேப் ஒட்டுங்கள். தண்ணீருக்கு மேலே 15 செ.மீ. வெற்றிடம் இருந்தால் அங்கே அடைபட்ட காற்று ஒரு மணி நேரத்துக்குப் போதும். புகை அடங்கியதும் முதலில் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, விரிப்பின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மேற்பரப்பில் படலம் தெரிந்தால் டிஷ்யூத் தாளைப் பரப்பி உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, இரண்டு நாளைக்கு ஃபில்டரில் கரித்துகள் போடுங்கள். மீன் நடுங்குவது, சுழன்று நீந்துவது இரண்டும் விஷ அறிகுறிகள். அப்போது பாதித் தண்ணீரை உடனே மாற்றுங்கள்.

பூச்சி ஸ்பிரேக்கும் கொசுவர்த்திக்கும் இதே விதி. தொட்டி இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம். பாதிக்குமா?

சாமி அறையும் தொட்டியும் ஒரே இடத்தில் இருந்தால் தொட்டியை மாற்றுவது நல்லது. புகை மூடிக்குள் தங்கினால் மீன் அதைத்தான் விழுங்கும். முடியாவிட்டால் புகை போடும் நேரத்தில் ஏர் பம்பை நிறுத்தி, வலைப் பக்கத்தைத் துணியால் மூடி, கால் மணி கழித்துத் திறந்துவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரை எப்படிப் பயன்படுத்துவது?

வாரத்துக்கு 25 முதல் 30 விழுக்காடு மாற்றினால் போதும். ஆன்டி-குளோரின் போட்டுக் கலக்கி, வெப்பநிலை ஒத்திருக்கிறதா என்று கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் திறந்த முதல் நாள் மட்டும் தொட்டியைத் தொடாதீர்கள். குழாய்களில் அடங்கிக் கிடந்த வண்டல் கிளம்பி வரும், குளோரின் வாடையும் தூக்கலாக இருக்கலாம். ஒரு வாரம் தள்ளிப்போனால் இந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. தீனியை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போனால்?

மீனுக்குக் கவலையில்லை, ஃபில்டருக்குத்தான். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே நுண்ணுயிர்கள் செத்து அழுகத் தொடங்கும். அதை அப்படியே ஓடவிடாமல், உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு இந்தத் தொல்லை குறைவு.

எப்படி வேட்டையாடுகிறது?

துரத்திப் பிடிக்கும் மீன் அல்ல இது, காத்திருந்து பாயும் மீன். மார்புத் துடுப்புகளை மாறி மாறி அசைத்து, உடலை அசைக்காமல் அந்தரத்தில் நிற்கும். இரை நெருங்கும்போது உடல் மெல்ல வளையும். நிமிரும் வேகத்தில் பாய்ச்சல். வாய் திறக்கும்போது உண்டாகும் உறிஞ்சலும் சேர்ந்து இரையை உள்ளே இழுத்துவிடும். கீழ்த்தாடையில் சில பற்கள் நாய்ப்பல் போல நீண்டிருப்பதால் கவ்வியது நழுவாது. தலை முழுக்கப் பாம்புக்கு இருப்பதுபோல அகன்ற செதில்கள். மூக்குத் துளைகள் இரண்டு சிறு குழல்களாக முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டிலும் மோப்பத்தாலும், பக்கக்கோடு உணரும் அதிர்வாலும் இரையைக் கண்டுகொள்ளும்.

ஓடையில் இதன் உணவு தண்ணீரில் விழும் எறும்பு, வெட்டுக்கிளி போன்ற பூச்சிகள், பூச்சிகளின் நீர்வாழ் புழுக்கள், இறால், சிறு நண்டு, தலைப்பிரட்டை, மீன்குஞ்சு. அந்தி சாயும் நேரமும் விடியலும் முக்கிய வேட்டைப் பொழுதுகள். நீங்களும் மாலை ஏழு மணிக்கு மேல் தீனி போட்டால் கூச்சமுள்ள மீன்கூட வெளியே வரும்.

என்ன தீனி, எவ்வளவு?

வீட்டு விரால்கள் பட்டினியால் மெலிவது அரிது. ஊட்டி ஊட்டிக் கெடுத்துவைப்பதுதான் வழக்கம். ஓடையில் கிடைக்கிறபோது தின்று, கிடைக்காதபோது கிடக்கும் உடம்பு இது. உங்களைப் பார்த்ததும் கண்ணாடிக்கு ஓடி வருவது பசியல்ல, பழக்கம்.

6 செ.மீ.க்குக் குறைந்த குட்டிக்குத் தினம் ஒரு வேளை: உறைந்த இரத்தப்புழு, நறுக்கிய இறால், சிறு மண்புழுத் துண்டு. 12 செ.மீ. தாண்டியதற்கு வாரம் மூன்று நாள் போதும். ஒரு வேளை என்பது சுண்டுவிரல் நுனி அளவு இறால் துண்டு இரண்டு, அல்லது நடுத்தரச் செங்கெரிக் (சில்வண்டு) மூன்று, அல்லது 5, 6 செ.மீ. மண்புழு ஒன்று. தின்ற பிறகு வயிறு லேசாகத் தெரிந்தால் சரி. மறுநாளும் உப்பியிருந்தால் அடுத்த முறை பாதி.

செங்கெரிக் பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும். வாங்கிய அன்றே போடாமல் ஒரு நாள் காரட், கீரை, ஓட்ஸ் கொடுத்து வைத்திருந்து போடுங்கள். வெறும் வயிற்றுப் பூச்சியில் மேலோடு தவிர வேறு சத்து குறைவு. பெரிய செங்கெரிக்கின் முள்நிறைந்த பின்னங்காலைக் கிள்ளிவிடுங்கள். ஊலாட் ரோத்தி என்ற தீனிப்புழு கொழுப்பு நிறைந்தது, வாரம் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். தூண்டில் கடை உயிர் இறால் மிக நல்லது. உப்புத்தண்ணீர் இறாலானால் நல்ல தண்ணீரில் கழுவி உடனே கொடுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கோழி, ஆடு, மாட்டிறைச்சி வேண்டாம். அந்தக் கொழுப்பு மீனின் உடலில் செரிக்காமல் ஈரலைச் சுற்றிப் படியும்.

லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) பிடித்த கப்பி மீன் போடலாமா?

வேண்டாம். கடை கப்பியும் பெரும்பாலும் வேண்டாம். கமலானஸ் என்ற சிவப்புக் குடற்புழு பரவும் வழிகளில் இது முதன்மையானது. தங்கமீன் குட்டியைத் தொடர்ந்து கொடுத்தால் அதிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்து, நாளடைவில் மீன் தள்ளாடத் தொடங்கும். உயிர்மீன் வேட்டையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம் என்றால், இறாலை வேட்டையாடுவதும் அதே அழகுதான்.

பெல்லட் (கடை உருண்டைத் தீனி) சாப்பிடுமா?

பழக்கினால் சாப்பிடும். மூன்று நாள் பட்டினி போட்டு, இறால் சாற்றில் ஊறிய பெல்லட் ஒன்றை இடுக்கியில் பிடித்து முகத்துக்கு முன் அசையுங்கள். துப்பினால் எடுத்துவிட்டு, மறுநாள் மறுபடி. இடையில் இரக்கப்பட்டு இறாலைக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் பழகாத மீனை வற்புறுத்துவதில் பயனில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம். யார் தீனி போடுவது?

யாரும் வேண்டாம். வளர்ந்த விரால் பத்து நாள் தின்னாமல் இருக்கும். அக்கம்பக்கத்தாரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. அன்பு மிகுதியில் அள்ளிப்போட்டு, நீங்கள் திரும்பி வரும்போது தண்ணீர் பாலாகியிருக்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தி, முதல் நாள் தண்ணீரை மாற்றி, மூடியை இரு முறை சரிபார்த்துவிட்டுப் போங்கள். மூன்று செ.மீ. குட்டிகளுக்கு மட்டும் ஆள் வேண்டும்.

திடீரென்று சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. நோயா?

முதலில் தொண்டையைப் பாருங்கள். கீழ்த்தாடை உப்பி, வாயை இறுக்கி மூடியிருந்தால் அது ஆண், வாயில் முட்டை இருக்கிறது, தொடாதீர்கள். அதுவல்லவென்றால் அமோனியா, நைட்ரைட், வெப்பநிலை மூன்றையும் சோதியுங்கள். புதிதாக வந்த மீன் இரண்டு வாரம்வரை முகத்தைத் திருப்பிக்கொள்வது சாதாரணம். விளக்கைக் குறைத்து, மறைவிடத்தைக் கூட்டி, மாலையில் ஒரு மண்புழுத் துண்டு மட்டும் காட்டுங்கள். தின்னாமல் இருப்பதோடு வயிறு ஒட்டி, வெள்ளை நூல்போல மலம் வந்தால் குடற்புழுவைச் சந்தேகியுங்கள்.

இரண்டை ஒன்றாகப் போடலாமா?

கடையிலிருந்து வெவ்வேறு நாளில் வாங்கிய இரண்டு பெரிய மீனைச் சேர்த்தால் பெரும்பாலும் ஒன்று கிழிபடும். ஆண் பெண் அடையாளமும் 10 செ.மீ.க்குக் கீழே நம்பத்தக்கதல்ல. வளர்ந்த ஆணுக்குத் தலை அகன்று, முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் நீண்டு, நிறம் தூக்கலாக இருக்கும்; பெண்ணுக்கு மேலிருந்து பார்க்கையில் நடுவயிறு பருத்திருக்கும்.

சரியான வழி ஐந்தாறு குட்டிகளைச் சேர்த்து வளர்ப்பது. ஒரு நாள் இரண்டு மட்டும் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு மற்றவற்றை எதிர்மூலைக்குத் துரத்தும். ஜோடி சேர்ந்துவிட்டது என்று பொருள். மற்றவற்றை அன்றே பிரித்துவிடுங்கள், 'நாளை பார்க்கலாம்' என்பது இங்கே உதவாது. சேர்ந்த ஜோடியும் பிரியலாம் என்பதால், தொட்டியின் குறுக்கே செருகும் தடுப்பு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

வேறு மீனோடு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாய்க்குள் போவது உணவு, போகாதது எதிரி. நத்தையைத் தவிர எதுவும் வேண்டாம்.

குஞ்சு பொரிப்பது எப்படி?

ஆண், பெண்ணைச் சுற்றி வளைந்து இறுக்கிக் கட்டிக்கொள்ளும். முட்டைகள் எண்ணெய்த் துளி உள்ளவை, மேலே மிதக்கும். ஆண் அவற்றைப் பொறுக்கி வாயில் வைத்துக்கொள்ளும். சில பத்திலிருந்து இருநூறு வரை இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் பொரிந்தாலும் குஞ்சுகளை உடனே விடாது, ஒன்றிரண்டு வாரம் வாய்க்குள்ளேயே காக்கும். அந்த நாட்களில் தீனி எடுக்காது. முதல் முறை ஆண்கள் முட்டையை விழுங்கிவிடுவது சகஜம். தொட்டிக்குப் பக்கத்தில் நடமாட்டம், இரவில் திடீர் வெளிச்சம், பெரிய தண்ணீர் மாற்றம் எல்லாம் விழுங்கத் தூண்டும்.

வியப்பானது அதற்குப் பிறகு நடப்பது. பெண் கருவுறாத முட்டைகளை இட, குஞ்சுகள் அதன் வயிற்றடியில் மொய்த்து அவற்றைத் தின்னும். பெற்றோரே குஞ்சுக்கு உணவு தரும் இந்தக் காட்சிக்காகவே குஞ்சுகளை உடனே பிரிக்காமல் விட்டுவைக்கலாம். பெண்ணுக்கு அப்போது மட்டும் தினமும் தீனி கொடுங்கள்.

நீங்கள் கொடுக்க வேண்டியது புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (நுண்ணிய உப்புநீர் இறால்), நாளுக்கு இரண்டு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: குஞ்சுக்குக் காற்றறை பிறந்தவுடன் வேலை செய்யாது, உருவாகச் சில வாரம் ஆகும். அதுவரை அது செவுளை நம்பியே இருக்கிறது. பெரிய மீனுக்கு மூச்சுவிடத் தேவையில்லாத ஏர் பம்ப் குஞ்சுக்கு உயிர். ஒன்றரை செ.மீ. தாண்டியதும் அளவுவாரியாகப் பிரித்துவிடுங்கள். பெரியது சிறியதை வாலிலிருந்து விழுங்கப் பார்த்து இரண்டுமே சாகும்.

'ரெயின்போ சன்னா' வாங்கினேன், இதே வளர்ப்புதானா?

அது சன்னா பிளெஹெரி, அஸ்ஸாம் பகுதி மீன். அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்துவிடும். ஆண்டு முழுக்க 29 டிகிரியில் வைத்தால் சில மாதம் பளிச்சென்று இருந்து, பிறகு காரணம் தெரியாமல் வாடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம் 18 முதல் 22 டிகிரி தர வேண்டும். ஃபேனால் முடியாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி அல்லது நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறை வேண்டும். அந்தச் செலவுக்குத் தயாரில்லை என்றால் லிம்பாட்டாவோடு நின்றுகொள்ளுங்கள். பிளெஹெரி வாயில் அடைகாக்காது. முட்டைகள் மேலே மிதந்துகிடக்க, பெற்றோர் கீழிருந்து காவல் காக்கும்.

ஆசனவாயில் சிவப்பு நூல்போல நீட்டிக்கொண்டிருக்கிறது.

கமலானஸ். மீன் அசையாமல் நிற்கும்போது தெரியும், அசைந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கான புழுமருந்து லெவமிசோல் ஹைட்ரோகுளோரைடு, லிட்டருக்கு 2 மி.கி.; 120 லிட்டருக்கு 240 மி.கி. கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பொட்டலத்தில் உள்ள மொத்த எடையை அல்ல, மருந்தின் விழுக்காட்டைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். விளக்கை அணைத்து, ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட்டு, மருந்தைக் கரைத்து ஊற்றுங்கள். 24 மணி நேரம் கழித்து மணலை நன்றாக உறிஞ்சிப் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றுங்கள். வெளியேறிய புழுக்கள் அடியில்தான் கிடக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து இதையே இன்னொரு முறை. முதல் முறையோடு நிறுத்தியவர்களுக்குத்தான் திரும்ப வருகிறது.

மூக்கு நுனியில் வெள்ளைப் புண் என்றால் அது பெரும்பாலும் கண்ணாடியில் முட்டியது. பின்பக்கத்திலும் பக்கத்திலும் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தால் தானாக ஆறும். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல்லுப்பு சேர்க்கலாம்.

காலையில் தரையில் காய்ந்து கிடந்தது. செத்துவிட்டதா?

உடனே குப்பையில் போடாதீர்கள். தோல் வழவழப்பு சிறிதாவது இருந்தால் வாய்ப்பு உண்டு. கையை நனைத்து எடுத்து, தொட்டித் தண்ணீரையே ஓர் அகலத் தட்டில் மீனின் முதுகு மூழ்கும் அளவு ஊற்றி, அதில் நேராக வையுங்கள். ஒட்டியிருக்கும் தூசியைத் தேய்க்காமல் தண்ணீராலேயே கழுவுங்கள். ஆழமான தண்ணீரில் போட்டால் மேலே வரத் தெம்பில்லாமல் மூழ்கிவிடும். செவுள்மூடி அசையத் தொடங்கினால் மூடிய பெட்டியில் இரண்டு நாள் அப்படியே வைத்து, பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள்.

வாசலில் மண்தொட்டியில் வைத்தால் கொசு வராதா?

குட்டி விரால் கொசுப்புழு தின்னும், வளர்ந்தது அதைச் சட்டை செய்யாது. ஏடிஸ் புழு கண்டால் அபராதம் வீட்டுக்காரருக்குத்தான், மீனுக்கு இல்லை. வாசலில் நிறமுள்ள கப்பி வையுங்கள், விராலை உள்ளே வையுங்கள்.

ஓடையில் நாமே பிடிக்கலாமா?

உள்நாட்டு மீன்பிடிப்பு மாநில அதிகாரத்தின் கீழ் வருவது; வனக்காப்புப் பகுதிக்குள் நுழையவே அனுமதி வேண்டும். முதலில் விசாரியுங்கள். அனுமதி இருக்கும் இடத்திலும் வாய் உப்பிய மீனையும், குஞ்சுக் கூட்டத்தோடு இருக்கும் ஜோடியையும் எடுக்காதீர்கள். காலில் புண்ணோடு ஓடையில் இறங்க வேண்டாம். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் நம் ஆறுகளில் உண்டு. கொண்டுவர மூடியுள்ள வாளி, மீனுக்கு ஒன்று, கால்வாசித் தண்ணீர், ஈர இலை, வெயில் படாத இடம், இவ்வளவே போதும்.

ஆபரேஷன் முடிந்தவருக்கு இதைச் சமைத்துக் கொடுக்கலாமா?

ஆபரேஷன் புண் ஆறக் கொடுக்கும் ஹாருவான் சூப்புக்குப் பாசார் ஹாருவானை வாங்குங்கள். தொட்டி மீனின் உடலில் என்னென்ன மருந்து இறங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இனி வளர்க்க முடியவில்லை. பக்கத்து ஆற்றில் விடலாமா?

கூடாது, உள்ளூர் இனமாக இருந்தாலும் கூடாது. கடையிலிருந்து வந்தது எந்த நாட்டு மீன் என்பது உறுதியில்லை, அதோடு சேர்ந்து என்ன புழு வந்தது என்பதும் உறுதியில்லை. அமெரிக்காவில் விரால் இனம் முழுவதையும் உயிரோடு இறக்குமதி செய்வதை 2002-ல் தடைசெய்ததற்குக் காரணம் இப்படி விடப்பட்ட மீன்கள்தான். வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், அல்லது வேறு வளர்ப்பவரிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் தீனி நிறுத்தி, பையில் மீன் முழுதாகத் திரும்பும் அளவு தண்ணீரும் மூன்றில் இரண்டு பங்கு காற்றும் வைத்து இரட்டைப் பையாகக் கட்டி, பெட்டிக்குள் இருட்டில் வைத்து எடுத்துப்போங்கள். பைக்கு ஒரு மீன் மட்டும். வாங்கிக்கொள்பவரிடம் அதன் தீனிக் கணக்கையும் மூடிக்குக் கனம் வைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.